கண்காட்சிக்கு எந்தக் கொள்கையை வைப்பது? கோத்தகிரி வாசகிக்குப் பதில்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ‘சூரியக் குடும்பம் எப்படித் தோன்றியது’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள். நூலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகம் ஒன்றில், வேறொரு நட்சத்திரம் சூரியனுக்குப் பக்கத்தில் வந்து அதிலிருந்து வாயுவை இழுத்ததால் கோள்கள் உண்டாயின என்று இருக்கிறது. இன்னொரு புத்தகம் வாயு மேகம் சுருங்கியதால் என்கிறது. இரண்டையும் மாடல் செய்து வைக்கலாமா, ஒன்று போதுமா? வீட்டுக்குப் பின்னால் பெரிய கரும்பாறை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு துண்டை ‘பூமி பிறந்தபோது உண்டான கல்’ என்று எழுதி வைக்கச் சொல்கிறார் அவள் மாமா. அது சரியா? நான் டீ ஃபாக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு இதில் விவரம் போதாது. மூன்று வாரம் இருக்கிறது. அதிகம் செலவழிக்க முடியாது.

பதில்: முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமா சொன்னபடி எழுத வேண்டாம். ஆனால் கல்லை வையுங்கள், அது நல்ல கல்.

நீலகிரி மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனது. ரோடு அகலப்படுத்த வெட்டிய இடத்தில் புதிதாக உடைந்த துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். உடைந்த முகம் எண்ணெய் தடவியதுபோல, நீலச் சாயலோடு கறுப்பாக மினுங்கும். பல காலம் மழை பட்ட முகம் பழுப்பேறி, தொட்டால் உதிரும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தக் கல்தான். பல்லாவரத்திலும் இதே பாறை உண்டு. இதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார்.

பூமிக்குள் மிக ஆழத்தில், கடும் சூட்டில் வெந்து இந்தப் பாறை இன்றைய உருவத்துக்கு வந்து சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூமியின் வயது 454 கோடி. அதாவது உங்கள் வீட்டுப் பாறை உருவானபோதே பூமிக்கு 200 கோடி வயது. தொடக்க காலத் தரை பூமியில் எங்குமே முழுசாக மிஞ்சவில்லை. உருகியும் மடிந்தும் உள்ளே அமிழ்ந்தும் திரும்பத் திரும்ப மாறிவிட்டது. கனடாவில் கிடைத்த சுமார் 400 கோடி ஆண்டுப் பாறைதான் நாம் அறிந்த மிகப் பழையவற்றில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் கிடைத்த சிர்கான் என்ற படிகத் துகள்கள் 440 கோடி வரை போகின்றன. மணல் பருமன்தான் இருக்கும்.

அப்படியானால் 454 கோடி என்று எப்படித் தெரிந்தது? பூமி உருவான அதே காலத்தில் உருவாகி, பிறகு மாறாமல் மிஞ்சிய விண்கற்களிலிருந்து. கிளேர் பேட்டர்சன் 1956-ல் விண்கற்களில் உள்ள ஈயத்தின் வகைகளை அளந்து 455 கோடி என்று கணக்கிட்டார். இன்றும் அந்த எண் பெரிதாக மாறவில்லை. 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லை அறுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தின் நடுவே வெள்ளைத் திட்டுகள் தெரியும். இப்படிப்பட்ட திட்டுகள்தான் சூரியக் குடும்பத்தில் முதன்முதலில் இறுகிய திடப்பொருள். வயது 456.7 கோடி ஆண்டு. ‘பூமி பிறந்தபோது உண்டான கல்’ என்று எழுதத் தகுந்தது அந்த வகைக் கல் மட்டும்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். டீத் தோட்டத்துச் செம்மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் உருண்டைக் கற்களை விண்கல் என்று நினைத்து எடுத்து வருபவர்கள் உண்டு. அவை இதே சார்னோக்கைட்தான். வெங்காயம்போல அடுக்கடுக்காக உரிந்து மண்ணாகி, நடுவில் மிஞ்சிய கல். காந்தம் லேசாக ஒட்டினாலும் ஏமாற வேண்டாம், இங்கத்திய பாறைகளில் மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம் உண்டு.

சரி, கொள்கைக்கு வருவோம். இரண்டையும் சமமாக வைக்காதீர்கள். ஒன்று இன்று யாரும் ஏற்காத கொள்கை. பார்க்க வருகிற சின்னப் பிள்ளைகள் இரண்டும் சரி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். வாயு மேகம்தான் சரி. ஆனால் அதை மட்டும் தெர்மகோல் பந்துகளில் செய்து வைத்தால் பக்கத்து மேஜையிலும் அதுவேதான் இருக்கும். ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி மேஜையை அமைக்கச் சொல்லுங்கள்: சூரியன் ஏன் இவ்வளவு மெதுவாகச் சுழல்கிறது? ஒரு கொள்கை கீழே விழுந்ததற்கும், பின்னால் திருத்தத்தோடு எழுந்ததற்கும் இந்தக் கேள்விதான் காரணம். தவிர, இதற்கான சான்றை உங்கள் மகள் வீட்டு வாசலிலேயே எடுக்கலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1755-ல் இம்மானுவேல் கான்ட்டும், 1796-ல் லாப்லாஸும், சுழலும் வாயு மேகம் சுருங்கி நடுவில் சூரியனும் சுற்றிலும் கோள்களும் உண்டாயின என்றார்கள். எல்லாக் கோள்களும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தட்டில் சுற்றுவதற்கு இது அழகான விளக்கம். ஆனால் ஓர் இடத்தில் இடித்தது. சுழலும் பொருள் சுருங்கினால் வேகம் கூடும். சுழல் நாற்காலியில் கையை விரித்தபடி சுற்றிவிட்டு, கையை மார்போடு ஒட்டிக்கொண்டால் தெரியும். அவ்வளவு பெரிய மேகம் சுருங்கி உண்டான சூரியன் சில மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுழன்றாக வேண்டும். உண்மையில் ஒரு சுற்றுக்கு சுமார் 25 நாள் எடுத்துக்கொள்கிறது. சூரியக் குடும்பத்தின் எடையில் 99 சதவீதத்துக்கு மேல் சூரியனிடம். ஆனால் கோண உந்தம், அதாவது சுழற்சிச் சொத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதில் 2 சதவீதம்கூட அதனிடம் இல்லை. பாதிக்கு மேல் வியாழன் கையில் இருக்கிறது.

இந்தச் சிக்கலால்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேகக் கொள்கையைக் கைவிட்டார்கள். 1905-ல் சேம்பர்லினும் மோல்டனும், 1917 வாக்கில் ஜேம்ஸ் ஜீன்ஸும், வழிப்போக்கு நட்சத்திரம் ஒன்று சூரியனிலிருந்து பொருளை இழுத்ததாகச் சொன்னார்கள். கோள்களுக்குச் சுழற்சி வெளியிலிருந்து வந்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்ற எண்ணம். உங்கள் பழைய புத்தகத்தில் இருப்பது இதுதான். 1939-ல் லைமன் ஸ்பிட்சர் கணக்குப் போட்டுக் காட்டினார்: சூரியனிலிருந்து அப்படிப் பிய்ந்து வரும் வாயு அத்தனை சூட்டில் திரண்டு கோளாகாது, சிதறிப் போய்விடும். அத்தோடு, நட்சத்திரங்கள் அவ்வளவு நெருங்குவது மிக மிக அரிது. இன்று மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் 5,000-க்கு மேல் தெரியும். அரிய விபத்தால் இத்தனை வந்திருக்காது.

அப்புறம் சூரியனின் சுழற்சி எங்கே போனது? காந்தப்புலம் எடுத்துக்கொண்டு போனது. ஹான்ஸ் ஆல்ஃவேன் 1942-ல் இந்தத் திசையில் யோசித்தார். சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் ஓயாமல் காற்றுபோல வீசுகின்றன என்று யூஜின் பார்க்கர் 1958-ல் கணித்தார். விண்கலங்கள் அதை உறுதிசெய்தன. அந்தச் சூரியக் காற்று காந்தப்புலக் கோடுகளைப் பற்றிக்கொண்டே வெளியே போகிறது. சுற்றுகிற ராட்டினத்தில் பல கயிறுகளைக் கட்டி, ஒவ்வொரு கயிற்றையும் ஒரு ஆள் பிடித்துக்கொண்டு விலகி நடந்தால் ராட்டினம் தளர்ந்துபோகும் அல்லவா, அப்படி. இளம் சூரியனின் காந்தம் சுற்றியிருந்த வாயு, தூசித் தட்டோடும் பிணைந்திருந்ததால் இழுவை அப்போது இன்னும் பலம். இளம் நட்சத்திரங்கள் வேகமாகவும் வயதானவை மெதுவாகவும் சுழல்வதை இன்று நேரிலேயே அளக்கிறார்கள்.

இந்தக் கதையின் இரண்டு சாட்சிகள் நம் மலைகளில் இருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். பழனி மலையில், 1899-ல் தொடங்கிய கோடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகள் நகர்வதும், சூரியனின் சுழற்சியும் அந்தப் படங்களில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் பக்கம், ஊட்டியை அடுத்த முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அந்த மலைச்சரிவு சுமார் 11 டிகிரி சாய்வு. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் சரிவில் வடக்குத் தெற்காகப் படுத்திருக்கும் தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. தொலைவிலுள்ள விண்பொருள்கள் அனுப்பும் ரேடியோ அலைகள் சூரியக் காற்றின் வழியே வரும்போது நட்சத்திரம்போல மினுக்குகின்றன. அந்த மினுக்கலை வைத்து முத்தோரையில் சூரியக் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள். சூரியனின் சுழற்சியைக் கொண்டுபோகும் அதே காற்று.

இனி மகள் செய்ய வேண்டியது. யாரிடமாவது சின்ன பைனாகுலர் இரவல் வாங்குங்கள். அதன் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது, ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும். ஒரு பக்கக் கண்ணாடியை மூடிவிட்டு, மறுபக்கத்தைச் சூரியனுக்குக் காட்டி, பின்னால் சுமார் நான்கு அடி தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தால் வட்டப் பிம்பம் விழும். பைனாகுலரைச் சுற்றி அட்டை ஒன்றைச் செருகினால் தாளில் நிழல் விழுந்து பிம்பம் தெளிவாகும். ஒரு நிமிடத்துக்கு மேல் காட்டினால் உள்ளே சூடேறும், திருப்பிவிடுங்கள். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டங்களை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு, பிம்பத்தை அதில் பொருத்தி, புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் குறித்தால்தான் சாய்வு மாறாமல் இருக்கும். காலை ஒன்பது மணி நல்லது.

நடுவட்டத்தில் இருக்கும் புள்ளி ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். விளிம்பை நெருங்க நெருங்க நகர்வு குறையும். அது ஏன் என்று மகளையே யோசிக்க விடுங்கள். ஆரஞ்சுப் பழத்தில் மிளகு ஒன்றை ஒட்டி மெல்ல உருட்டினால் பிடிபட்டுவிடும். புள்ளி கலையாமல் நீடித்தால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 13, 14 நாள் ஆகும். இரட்டித்தால் 27. பூமியும் அதே திசையில் நகர்வதைக் கழித்தால் 25 வரும். புள்ளியே தென்படாவிட்டால், நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் தினமும் எடுக்கும் சூரியப் படங்களை இணையத்தில் எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம்.

கோள்கள் திரண்ட விதத்தைக் காட்ட உங்கள் வேலையிடமே போதும். தூள் சலிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் உருளைகள் கம்பளியில் உரசியபடி சுழலும்போது, கீழே போகும் தூளிலிருந்து சிவந்த நார் மட்டும் எம்பி வந்து ஒட்டுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். புதிய சூரியனைச் சுற்றியிருந்த தட்டில், புகைத்துகள் அளவுத் தூசிகள் முதலில் இதுபோன்ற ஒட்டும் விசைகளால்தான் ஒன்றையொன்று பற்றின, ஈர்ப்பு விசைக்கு அங்கே வேலையே இல்லை. 2003-ல் விண்வெளி நிலையத்தில் டான் பெட்டிட் ஒரு பிளாஸ்டிக் பையில் உப்பையும் சர்க்கரையையும் போட்டுக் குலுக்கியபோது, மிதந்த துகள்கள் சில நொடியில் கட்டிகளாகச் சேர்ந்துகொண்டன. ஒரு பிடி நாரும், தலையில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பும் மேஜையில் இருந்தால் போதும். குழந்தைகள் வரிசையில் நின்று செய்து பார்ப்பார்கள்.

கட்டி கிலோமீட்டர் கணக்கில் வளர்ந்த பிறகே ஈர்ப்பு கைகொடுக்கும். இடையில், ஒரு மீட்டர் அளவில் கற்கள் ஒட்டாமல் உடைவது நீண்ட காலம் தலைவலியாக இருந்தது. கூழாங்கற்கள் வாயுவில் கூட்டம் சேர்ந்து, கூட்டமாகவே தன் எடையில் சரிந்து திரண்டன என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். 2019 புத்தாண்டு அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நெப்டியூனுக்கு அப்பால் படமெடுத்த ஆரோகோத் என்ற சிறு விண்பொருள், சுமார் 36 கிலோமீட்டர் நீளம், இரண்டு தட்டை உருண்டைகள் நசுங்காமல் மெதுவாக ஒட்டிக்கொண்ட உருவம். வேகமாக மோதியிருந்தால் அந்த உருவம் வந்திருக்காது.

மாடல் தட்டில் ஒரு கோடு மட்டும் கண்டிப்பாக வரையச் சொல்லுங்கள், பனிக்கோடு. ஜனவரிக் காலையில் தலைகுந்தா பள்ளத்தில் புல் வெளுத்திருக்கும், கொஞ்சம் மேட்டில் பச்சையாகவே நிற்கும். காரணம் வேறு என்றாலும், இங்கே உறையும் அங்கே உறையாது என்ற எல்லை அந்தத் தட்டிலும் இருந்தது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில். கோட்டுக்கு உள்ளே தண்ணீர் ஆவியாகவே இருந்ததால் கல்லும் உலோகமும் மட்டும் திரண்டு புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று சின்னக் கோள்கள். வெளியே பனிக்கட்டியும் சேர்ந்து கனத்ததால் வியாழனும் சனியும் வாயுவையே வளைத்துப்போட்டுப் பெருத்தன.

“இதையெல்லாம் யார் பார்த்தார்?” என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு ஒரு படம் கையில் இருக்கட்டும். சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி 2014-ல் எடுத்த எச்.எல். டாரி. சுமார் 450 ஒளியாண்டு தொலைவில், இப்போதுதான் பிறந்த ஒரு நட்சத்திரம், சுற்றிலும் தூசித் தட்டு, தட்டில் வளையம் வளையமாக இடைவெளி. வளரும் கோள்கள்தான் அந்த இடைவெளிகளைத் துடைத்திருக்க வேண்டும். அந்தப் படத்தை ஒட்டி, அதன் கீழே மகள் வரைந்த சூரிய வட்டங்களைத் தேதியோடு வரிசையாக ஒட்டுங்கள். கல்லுக்கான சீட்டில் ‘சார்னோக்கைட், கோத்தகிரி, சுமார் 250 கோடி ஆண்டு’ என்று எழுதினால் போதும். பனிமூட்டத்தில் சூரியன் தெரியாமல் போன நாளுக்கு, அந்தத் தேதியை எழுதி வெற்று வட்டத்தையே ஒட்டட்டும்.