ஊரைப் பார்த்துவரும் பயணம்: திரும்புவதா என்று முடிவெடுக்க அதை எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "சண்டையின்போது ஊரைவிட்டு வந்தவர்கள் நாங்கள், பல ஆண்டுகளாக முகாமில் இருக்கிறோம். அடுத்த மாதம் குடும்பத்துக்கு ஒருவரைப் பேருந்தில் அழைத்துப்போய் ஊரைக் காட்டிவிட்டு, அன்று மாலையே திருப்பிக் கொண்டுவந்து விடுவார்களாம். என் கணவர் தான் போவதாகச் சொல்கிறார். மாமியாரும் வருவேன் என்கிறார். போய்வந்தால் திரும்பிப்போகச் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று பக்கத்தில் உள்ளவர்கள் பயப்படுகிறார்கள். போகலாமா? யார் போவது? அங்கே எதைப் பார்ப்பது?"

போகலாம், வாய்ப்புக் கிடைக்கும்போது போகத்தான் வேண்டும் என்பது என் கருத்து. போய்ப் பார்ப்பது திரும்பிப்போகச் சம்மதிப்பது ஆகாது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் குறித்து 1998இல் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளில் 28ஆவது நெறி, மக்கள் தம் விருப்பப்படியும் பாதுகாப்போடும் மதிப்போடும் ஊர் திரும்பவோ நாட்டின் வேறொரு பகுதியில் குடியேறவோ ஏற்ற நிலைமையை உருவாக்குவது அதிகாரிகளின் முதற்கடமை என்றும், அந்தத் திட்டமிடலில் இடம்பெயர்ந்தவர்கள் முழுமையாகப் பங்கேற்க வகைசெய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்பப்படாமல் காக்கப்படும் உரிமை 15ஆவது நெறியில் உள்ளது. ஐ.நா. அமைப்புகளும் பிற மனிதநேய அமைப்புகளும் சேர்ந்த நிலைக்குழு 2010இல் வெளியிட்ட நிரந்தரத் தீர்வுகளுக்கான சட்டகம், இத்தகைய பயணத்தை மக்கள் தகவல் பெறுவதற்கான வழிகளில் ஒன்றாகவே சொல்கிறது. ஊர் திரும்புவது, இப்போது இருக்கும் இடத்திலேயே நிலைகொள்வது, மூன்றாவதாக ஓர் இடத்தில் குடியேறுவது ஆகிய மூன்றையும் அது ஏற்கிறது. திரும்ப முடியாத நிலையில் வேறு வழியைத் தேர்ந்தவர், பின்னாளில் ஊர் திரும்பும் உரிமையை அதனால் இழப்பதில்லை.

இவை நீதிமன்றத்தில் அப்படியே செல்லுபடியாகும் ஒப்பந்தங்கள் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும், 2009இல் ஏற்கப்பட்டு 2012இல் நடைமுறைக்கு வந்த கம்பாலா உடன்படிக்கை உண்டு. அதில் இணைந்த அரசுகள், இடம்பெயர்ந்தவர்கள் தகவலறிந்து சுதந்திரமாகத் தேர்வு செய்ய உதவக் கட்டுப்பட்டவை. மற்ற இடங்களில் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்தாரின் பயத்துக்கு நடைமுறையில் ஒரு காரணம் இருக்கிறது. பேருந்தில் ஏறும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அது வருகைப் பட்டியலாக இருந்தால் பிரச்சினையில்லை. அதே தாளின் தலைப்பில் "மீள்குடியேற்ற விருப்பம்" என்பது போன்ற சொல் இருந்தால், அதில் அன்றே கையெழுத்திட வேண்டாம். படித்துக்காட்டச் சொல்லுங்கள்; நகல் கேளுங்கள்; குடும்பத்தோடு பேசிவிட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். பெயர்ப்பட்டியல் யார் யாருக்குக் கொடுக்கப்படும் என்றும் கேட்கலாம், ஏனெனில் சில பகுதிகளில் யார் வந்தார்கள் என்ற செய்தியே ஒரு குடும்பத்துக்கு ஆபத்தாகும். உங்களைப் படம் எடுப்பதற்கும் ஊடகத்தாரிடம் பேசச் சொல்வதற்கும் மறுப்புச் சொல்லலாம்.

பயணத்துக்கு முன்பே முகாமில் நடக்கும் கூட்டத்தில் கேட்டுத் தெளிய வேண்டியவை இன்னும் சில உண்டு. ஊரில் எத்தனை மணி நேரம் இருப்போம்? ஒவ்வொருவரும் தம் வீட்டடிக்குப் போக முடியுமா, அல்லது ஊர் மைதானத்தில் இறக்கி உரையாற்றிவிட்டு ஏற்றிவிடுவார்களா? கூட வருபவர்கள் யார், சீருடையில் வருவார்களா? அங்கே வாழ்பவர்களோடு தனியாகப் பேச விடுவார்களா? அகதிகள் தாம் விரும்பித் திரும்புவது குறித்து ஐ.நா. அகதிகள் முகமை 1996இல் வெளியிட்ட கைந்நூல், உடல்வழியாகவோ மனவழியாகவோ பொருள்வழியாகவோ எந்த வற்புறுத்தலும் இல்லாதிருப்பதை விருப்பத்தின் அடையாளமாகக் கொள்கிறது. இருக்கும் இடம் துரத்துவதைவிடச் சொந்த ஊர் ஈர்ப்பதே முடிவில் மேலோங்கியிருக்க வேண்டும் என்கிறது. உங்களுக்கும் அது நல்ல அளவுகோல். முகாமில் உணவுப்பொருளைக் குறைத்துவிட்டு, பயணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் முடிவைச் சொல்லச் சொன்னால், அது வற்புறுத்தல்தான். அதை எழுத்தில் முறையிடுங்கள்; முடிந்தால் பல குடும்பங்கள் சேர்ந்து முறையிடுங்கள்.

இனி யார் போவது என்பது. பெரும்பாலான குடும்பங்களில் ஆண்தான் போகிறார். வந்து வீட்டின் சுவரையும் கூரையையும் பற்றிச் சொல்கிறார். தண்ணீர் எவ்வளவு தொலைவு, பிள்ளைப்பேற்றுக்கு எங்கே போவது, இருட்டியபின் கழிப்பிடம் போகும் வழி எப்படி, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்ற கேள்விகள் அவருக்குத் தோன்றாமல் போவது அவர் குற்றமில்லை. அந்த வேலைகளை அவர் செய்து பழகவில்லை. திரும்பிப்போனால் அந்த ஊரில் பகல் முழுவதும் இருக்கப்போகிறவர் நீங்கள் என்றால், நீங்கள் போவதே சரி. இரண்டு இடம் கேளுங்கள். பெண்களும் பயணக் குழுவில் இருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன ஆவணங்களிலேயே உள்ள நியமம், ஆகவே அது சலுகை கேட்பது ஆகாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அன்று முகாமில் ஏற்பாடு செய்யவும் கேட்கலாம்.

மாமியார் விஷயத்தில் யோசித்து முடிவெடுங்கள். நீண்ட பேருந்துப் பயணமும் இடிந்த வீட்டைப் பார்ப்பதும் முதியவரின் உடலையும் மனத்தையும் ஒரே நாளில் சோர்வடையச் செய்யும்; முதல் பயணத்தில் அவர் வராதிருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் நிலத்தைப் பற்றி மிகுதியாகத் தெரிந்தவரும் அவராகத்தான் இருப்பார். புறப்படுவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்: வீடு, கிணறு, மரங்கள், வேலி, நான்கெல்லையிலும் அப்போது யார் இருந்தார்கள், எல்லைக்கல் எந்த மூலையில் இருந்தது, முன்னோரை அடக்கம் செய்த இடம் எது என்பவற்றைக் குறியுங்கள். வேலியும் மரமும் போனபிறகு தம் நிலத்தை அடையாளம் காண முடியாமல் நிற்பவர்கள் உண்டு. அந்தத் தாள் அன்று உங்களுக்கு வழிகாட்டும். பின்னாளில் உரிமை கோரும்போதும் பயன்படும். நில ஆவணங்களின் நகல்களை மட்டும் எடுத்துப்போங்கள், மூல ஆவணங்கள் முகாமிலேயே இருக்கட்டும்.

ஊரில் இறங்கியதும் கால் வைக்கும் இடம்தான் முதல் கவலை. சண்டை நடந்த நிலத்தில் கண்ணிவெடியும் வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மக்கள் இப்போது புழங்கும் பாதையிலேயே நடங்கள். புல் மண்டிய முற்றத்தில் இறங்காதீர்கள். நினைவுப் பொருளாகவே தோன்றினாலும் எதையும் கிளறி எடுக்காதீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன், அது சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். "கண்ணிவெடி அகற்றியாயிற்று" என்று சொன்னால், எந்தப் பரப்பு, யார் அகற்றினார்கள், ஒப்படைத்த ஆவணம் யாரிடம் உள்ளது என்று தொடர்ந்து கேட்க வேண்டும். வீட்டுமனை அகற்றப்பட்ட பட்டியலில் இருந்து, வயலும் மேய்ச்சல் நிலமும் விறகுக்குப் போகும் காடும் அதில் இல்லாமல் இருக்கலாம். பிழைப்பு வயலில் இருக்கும்போது மனை மட்டும் பாதுகாப்பாக இருப்பது போதாது.

அடுத்து, மனிதர்கள். இந்தப் பயணத்தின் பெரிய பயன் வீட்டைப் பார்ப்பதில் இல்லை, ஏற்கெனவே திரும்பியவர்களோடும் போகாமலே இருந்துவிட்டவர்களோடும் பேசுவதில் இருக்கிறது. அதிகாரிகள் நிற்கும் இடத்தில் எல்லோரும் "பிரச்சினை எதுவும் இல்லை" என்றே சொல்வார்கள். தண்ணீர் கேட்பது போல ஒரு வீட்டுக்குள் போய் அங்குள்ள பெண்ணிடம் பேசுங்கள். பாதுகாப்பாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். இரவில் வாசலில் படுக்கிறீர்களா, மகளைத் தனியாகக் கடைக்கு அனுப்புகிறீர்களா, கடைசியாக யாராவது விசாரிக்க வந்தது எப்போது, திரும்பி வந்தவர்களில் மறுபடி போய்விட்டவர்கள் உண்டா, ஏன் போனார்கள் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. ஊரிலிருந்து வெளியேறியவரின் காரணம், ஊரில் இருப்பவரின் உறுதிமொழியைவிட அதிகம் சொல்லும். அதே நேரம் உங்களோடு பேசியவரின் பெயரை வெளியே சொல்லாதீர்கள். நீங்கள் மாலையில் போய்விடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டியவர்.

பள்ளிக்கூடத்தில் கட்டடத்தைப் பார்த்து நிறைவடைய வேண்டாம். ஆசிரியர்கள் எத்தனை நாள் வருகிறார்கள், உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பு அங்கே உண்டா என்று ஒரு மாணவரிடமே கேளுங்கள். கிணற்று நீரைச் சோதித்தார்களா என்று கேட்டறியும்வரை குடிக்காதீர்கள். வேலை, கூலி, சந்தைக்கு வண்டி ஆகியவற்றை அங்கே பிழைப்பவரிடம் கேட்டால்தான் உண்மை தெரியும்.

உங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தால் என்ன செய்வது? அவர்களும் எங்கிருந்தோ துரத்தப்பட்டவர்களாக இருக்கக்கூடும். வாசலில் நின்று வாதாட வேண்டாம். சுற்றுப்புறத்தை முடிந்தால் படமெடுத்துக்கொண்டு, யார், எப்போதிலிருந்து, யார் அனுமதியில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வந்து, உரிமைகோரலைச் சட்டவழியில் தொடங்குங்கள். போஸ்னியப் போரை முடிவுக்குக் கொண்டுவர 1995இல் கையெழுத்தான டேட்டன் ஒப்பந்தத்தின் 7ஆவது இணைப்பு, எங்கே போவது என்பதைத் தனிமனிதரும் குடும்பமுமே தீர்மானிக்க வேண்டும் என்றும், சொத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்றும் எழுதிவைத்தது. ஆயினும் 1996இல் தம் பழைய வீடுகளைப் பார்க்கப் போனவர்களில் பலர் வழியிலேயே கும்பல்களால் மறிக்கப்பட்டார்கள், கல்வீச்சும் நடந்தது. காகிதத்தில் இருந்த உரிமைக்கும் தெருவில் இருந்த நிலைமைக்கும் உள்ள தூரத்தை அந்தப் பயணங்களே உலகுக்குக் காட்டின. பின்னர் ஏறத்தாழ 2 லட்சம் வீட்டுரிமைக் கோரிக்கைகள் பதிவாகி, அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை தீர்க்கப்பட்டபோது, வீட்டைத் திரும்பப் பெற்றவர்களில் பலர் அங்கே குடியேறாமல் அதை விற்றார்கள் அல்லது மாற்றிக்கொண்டார்கள். வீட்டின்மீதுள்ள உரிமையும் அங்கே போய் வாழும் முடிவும் வெவ்வேறு என்பதை உங்கள் குடும்பமும் பிரித்துப் பார்க்க வேண்டும். திரும்ப வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சொத்தை மீட்கவோ, மீட்க முடியாதபோது ஈடு பெறவோ உதவ வேண்டும் என்பது 1998 நெறிகளில் 29ஆவது.

ஒருநாள் பயணம் காட்டாத விஷயங்கள் பல. பகலில் போனவருக்கு இரவு தெரியாது. கோடையில் போனவருக்கு மழைக்காலத்தில் அறுந்துபோகும் சாலை தெரியாது. சில ஆபத்துகள் கண்ணுக்கே தெரியாதவை: 2011இல் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் 20 கிலோமீட்டர் தடைப்பகுதிக்குள் பாதுகாப்பு உடையோடு இரண்டு மணி நேரம் வீட்டைப் பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள், வீடு இடியாமல் நிற்பதைப் பார்த்தார்கள், அங்கே வாழலாமா என்பதை அளவுக்கருவிதான் சொல்ல முடிந்தது. அங்கே எது தெரியாமல் விட்டுவந்தீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பயணமோ, ஓர் இரவு தங்கிவரும் பயணமோ கேட்பதற்கு அந்தக் குறிப்பே காரணமாகும். அங்கிருந்து திரும்பியவர்களை முகாமுக்கு வரவழைத்துப் பேசவைக்கும்படியும் கேட்கலாம். பல இடங்களில் இது நடைமுறையில் உள்ளது, முதியவர்களும் நோயாளிகளும் நேரடியாகக் கேள்வி கேட்க அதுவே வழி.

வந்த அன்றிரவே முடிவைப் பேசாதீர்கள். சொந்த மண்ணை மிதித்த மகிழ்ச்சியும், இடிந்த சுவரைக் கண்ட துக்கமும் சில நாட்கள் கழிந்து அடங்கட்டும். அதன்பின் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, கண்ணால் கண்டது எது, பிறர் சொன்னது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். முகாமிலேயே வளர்ந்த பிள்ளைகளையும் கேளுங்கள். மாமியாருக்கு அது திரும்பிப்போகும் ஊர், பிள்ளைகளுக்கோ புதிதாகப் போகும் ஊர். கணவர் முதலில் போய் வீட்டைக் கட்டட்டும், மற்றவர்கள் பிறகு போகலாம் என்ற யோசனை வந்தால், ஒருவர் பெயர் நீங்கியதும் குடும்பம் முழுவதன் பதிவும் உதவியும் நிற்குமா என்பதை முகாம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் கையில் வந்தபின் செயல்படுங்கள்.

எல்லை தாண்டி வேறு நாட்டில் அகதியாக இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தின் 1(சி) பிரிவுப்படி, தானாக விரும்பித் தன் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியவருக்கோ, அங்கே மீண்டும் நிலைகொண்டவருக்கோ அகதி நிலை முடிவடையும். குறுகிய காலம் போய்ப் பார்ப்பது நிலைகொள்வது ஆகாது. போஸ்னிய அகதிகள் தம் அகதி நிலையை இழக்காமல் ஊரைப் பார்த்துவரச் சில ஐரோப்பிய நாடுகள் அனுமதித்தன. ஆனால் சொந்தமாக ஏற்பாடு செய்து, தாய்நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, அடிக்கடி போய்வருவதை அதிகாரிகள் வேறுவிதமாகப் பார்க்கக்கூடும். ஆகவே அடைக்கலம் தந்த நாட்டுக்கு மீண்டும் நுழையும் அனுமதி எழுத்தில் கைக்கு வந்தபிறகே புறப்படுங்கள். அமைப்பாளர்கள் வாய்மொழியாகத் தரும் உறுதியை மட்டும் நம்பி எல்லையைக் கடக்காதீர்கள்.