குவாண்டம் இயற்பியலில் ஆற்றல் ஐகன் நிலையும் (ஆற்றல் ஒரே திட்டமான எண்ணாக இருக்கும் நிலை) காலத்தோடு மாறுகிறதா? பிறகு ஏன் அதை 'மாறா நிலை' என்கிறோம்? தொடக்க நிலை தெரிந்தால் பின்வரும் நிலையைக் கணக்கிடுவது எப்படி?

மாறுகிறது. நிலை காலத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும், 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாடு யாருக்கும் விலக்கு தருவதில்லை. ஆனால் ஐகன் நிலையில் மாறுவது கட்டம் (phase) மட்டும்தான். கலப்பெண் தளத்தில் ஒரு முள் நீளம் மாறாமல் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிய கோணம் = ஆற்றல் × காலம் ÷ ஹெச்-பார் (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது). ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட் என்றால் முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 4.1 ஃபெம்டோ நொடி. நிகழ்தகவு கணக்கிடும்போது முள்ளின் நீளத்தை வர்க்கப்படுத்துகிறோம்; கோணம் அடிபட்டுப் போகிறது. அதனால்தான் 'மாறா நிலை'.

இரண்டு ஐகன் நிலைகள் கலந்திருந்தால் கதை வேறு. இரண்டு முட்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். இடையிலுள்ள கோணம் விரிந்துகொண்டே போகும். அளவீட்டில் தெரியும் எல்லா அசைவும் இந்தக் கோண வேறுபாட்டிலிருந்தே வருகிறது.

அம்மோனியா மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். மூன்று ஹைட்ரஜன்கள் ஒரு தளத்தில்; நைட்ரஜன் அதற்கு மேலே இருக்கலாம், கீழே இருக்கலாம். 'மேல்', 'கீழ்' என்ற இரண்டையும் அடிப்படை வெக்டர்களாக வைத்தால் ஹாமில்டோனியன் (ஆற்றலைக் குறிக்கும் அணி) 2×2 அணி. மூலைவிட்டத்தில் இரண்டு இடத்திலும் ஒரே ஆற்றல். மற்ற இரண்டு இடங்களில், நைட்ரஜன் தடுப்பைத் துளைத்து மறுபக்கம் போவதைக் குறிக்கும் சிறிய எண் (எதிர்க்குறியோடு). அதன் அளவைத் 'துளைப்பு எண்' என்போம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தொடக்கத்தில் மூலக்கூறு 'மேல்' நிலையில் இருக்கிறது, மூலைவிட்டத்தில் அதற்கொரு ஆற்றல் இருக்கிறது, எனவே அந்த ஆற்றலுக்கான கட்டத்தைப் பெருக்கினால் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் நைட்ரஜன் என்றென்றும் மேலேயே இருக்கும். 'மேல்' ஐகன் நிலை அல்ல. அதற்கெனத் தனி ஆற்றல் கிடையாது. மூலைவிட்ட எண் அந்த நிலையின் சராசரி ஆற்றல் மட்டுமே.

சரியான வழி: முதலில் ஐகன் வெக்டர்களை (ஐகன் நிலைகளை) கண்டுபிடியுங்கள். மேல், கீழ் இரண்டையும் கூட்டி √2-ஆல் வகுத்தால் குறைந்த ஆற்றல் நிலை. கழித்து வகுத்தால் கூடிய ஆற்றல் நிலை. இடைவெளி துளைப்பு எண்ணின் இரு மடங்கு. தொடக்க நிலையை இவற்றில் பிரித்து எழுதுங்கள்: 'மேல்' என்பது இரண்டிலும் சமபங்கு. ஒவ்வொரு குணகத்தையும் அதனதன் கட்டத்தால் பெருக்கிவிட்டு, மறுபடி மேல்-கீழ் அடிப்படைக்குத் திரும்புங்கள். நைட்ரஜன் மேலே இருக்கும் நிகழ்தகவு = (துளைப்பு எண் × காலம் ÷ ஹெச்-பார்) என்ற கோணத்தின் கொசைன் வர்க்கம். மூலைவிட்டத்து ஆற்றல் விடையில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது இரண்டு முட்களையும் ஒன்றாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

இனி எண்கள். இடைவெளி சுமார் 9.8×10⁻⁵ எலக்ட்ரான் வோல்ட். அதிர்வெண்ணாகச் சொன்னால் ஏறக்குறைய 24 கிகா ஹெர்ட்ஸ். 'மேல்' நிலையில் தொடங்கியது 21 பைக்கோ நொடியில் முழுதாகக் 'கீழ்' ஆகும், 42-இல் திரும்பிவரும். 84 என்று விடை வந்தால், வர்க்கப்படுத்தாமல் குணகத்தின் சுற்றுக்காலத்தை எடுத்திருக்கிறீர்கள். 1954-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டவுன்ஸ், கார்டன், ஸைகர் மூவரும் செய்த முதல் மேசர் (நுண்ணலைப் பெருக்கி) இந்த இரண்டு ஆற்றல் மட்டங்களை வைத்துத்தான் இயங்கியது.

ஹாமில்டோனியனே காலத்தோடு மாறினால் மேற்சொன்ன வழி அப்படியே பொருந்தாது. ஹாமில்டோனியனைத் தொகையிட்டு அடுக்கில் போட்டுவிடலாம் என்று தோன்றும். வெவ்வேறு நேரத்து ஹாமில்டோனியன்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் ஒரே விடை வந்தால்தான் அது செல்லும். மேல்நோக்கிய ஒரு சுழலை (spin) முதலில் செங்குத்து அச்சைச் சுற்றி 90 பாகை, பிறகு கிடை அச்சைச் சுற்றி 90 பாகை திருப்புங்கள். முதல் திருப்பம் கட்டத்தை மட்டும் மாற்றும், இரண்டாவது சுழலைக் கிடையாக்கும். வரிசையை மாற்றினால் சுழல் வேறொரு கிடைத் திசையில் போய் நிற்கும். தொகையிட்ட சூத்திரமோ இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள அச்சைச் சுற்றி 127 பாகை திருப்பச் சொல்லும். இரண்டுக்கும் பொருந்தாத விடை. காலத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டின் நடுப்புள்ளியிலுள்ள ஹாமில்டோனியனைக் கொண்டு ஒவ்வொன்றாக, பிந்தையது இடப்பக்கம் வரும்படி பெருக்குங்கள்.

கணினியில் செய்யும்போது ஆய்லர் முறையை (படியின் தொடக்கத்திலுள்ள மாற்ற வேகத்தை வைத்தே அந்தப் படி முழுவதும் நகர்வது) தொடவே வேண்டாம். ஒரு படிக்கு 0.1 ரேடியன் சுற்றும் ஐகன் நிலையில், மொத்த நிகழ்தகவு ஒவ்வொரு படியிலும் 1.01 மடங்காகிறது. 1,000 படிகளில் 1 இருக்கவேண்டிய இடத்தில் சுமார் 21,000 நிற்கும். இடையிடையே வெக்டரை வகுத்து நீளத்தை 1 ஆக்கிக்கொள்வது தீர்வல்ல. அதிக ஆற்றல் கூறுகள் வேகமாக ஊதுவதால், வகுத்த பிறகும் கலவை விகிதம் கெட்டுத்தான் இருக்கும். படியின் தொடக்கம், முடிவு இரண்டின் சராசரியை வைத்து நகரும் கிராங்க்-நிக்கல்சன் முறையில் நீளம் துல்லியமாக 1-லேயே நிற்கும். அதை நம்பி விடை சரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே 0.1 ரேடியன் படியில் கட்டம் ஒவ்வொரு முறையும் 0.00008 ரேடியன் பின்தங்குகிறது. 1,000 படிகளில் 0.083 ரேடியன், கிட்டத்தட்ட 5 பாகை. முள்ளின் நீளம் 1-ஆக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, முள் தாமதமாகச் சுற்றுவதைக் காட்டாது. படியைப் பாதியாக்கி அதே நேரம்வரை மறுபடி ஓட்டுங்கள். பிழை நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் படி இன்னும் பெரிதாக இருக்கலாம், அல்லது நிரலில் கோளாறு இருக்கலாம்.