பொண்ணு ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங் கிளாஸ் எடுக்கணுங்கிறா, விடலாமா?

அக்கா, உங்க மெசேஜை ரெண்டு தடவை படிச்சேன். பத்தாவது படிக்கிற பொண்ணு அடுத்த வருஷத்துக்கு ஸ்போர்ட்ஸ் அண்ட் என்டர்டெயின்மென்ட் மார்க்கெட்டிங்னு ஒரு கிளாஸை டிக் பண்ணிட்டு வந்து நிக்கிறா, அவங்க அப்பா "மேட்ச் பாக்கவும் சினிமா பாக்கவும் ஒரு கிளாஸா, இதுக்கா டெக்சாஸ் வந்தோம்"னு ரெண்டு நாளா முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காருங்கிறீங்க. முதல்ல அவருக்கு ஒரு காபி போட்டுக் குடுங்க. இது ஸ்கூல்காரங்க சும்மா கண்டுபிடிச்ச கிளாஸ் இல்ல, டெக்சாஸ் மாநில சிலபஸ்லயே இருக்கு, அரை கிரெடிட், ஒரு செமஸ்டரோட முடிஞ்சிரும்.

அதுல ஆட்டத்தை எல்லாம் சொல்லித் தர மாட்டாங்க. காலி சீட்டை எப்படி விக்கிறதுங்கிறதுதான் பாடமே. நம்ம ஊர்ல மல்லிப்பூ விக்கிற அம்மாவை நினைச்சுக்கோங்க, முகூர்த்த நாள்ல ஒரு முழம் என்ன விலை, அதே பூ ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்ட்ல என்ன விலை, நாளைக்கு வாடிப்போற சரக்குன்னு அவங்களுக்குத் தெரியும், அதனால கூடையைக் காலி பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. மேட்ச் டிக்கெட்டும் அப்படித்தான், ஆட்டம் முடிஞ்சா அந்த சீட்டுக்கு மதிப்பு பூஜ்யம். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் டீம் 2009ல கொஞ்சம் சீட்டுக்கு மட்டும் இந்த மாதிரி ஏத்தி இறக்குற விலையை ட்ரை பண்ணிட்டு, 2010ல ஸ்டேடியம் முழுக்கவே கொண்டு வந்தாங்க, எதிர் டீம் யாரு, என்ன கிழமைன்னு பாத்து ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு ரேட். பூக்கார அம்மா மனசுல போட்ட கணக்கை அவங்க கம்ப்யூட்டர்ல போட்டாங்க, அவ்ளோதான்.

இன்னொரு பாதி ஸ்பான்சர்ஷிப். ஆட்டத்தை விக்கிறது ஒண்ணு, ஆட்டத்தை வச்சு வேற பொருளை விக்கிறது இன்னொண்ணு, இது ரெண்டையும் பிள்ளைங்க நல்லா குழப்பிக்குவாங்க. அவங்க அப்பாவுக்கு இதைப் புரிய வைக்கணும்னா 2016ஐ ஞாபகப்படுத்துங்க, கபாலி வந்தப்போ ஏர்ஏசியா ஒரு விமானத்துலயே ரஜினி படத்தை ஒட்டிப் பறக்க விட்டாங்களே, அதுல லாபம் படத்துக்கா ஏர்லைனுக்கா? எவ்வளவு லாபம்னு எதை வச்சு அளப்பீங்க? இந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரிஞ்சாலே அந்த செமஸ்டர் வேஸ்ட் இல்ல.

நீங்க இருக்குறது டல்லாஸ் பக்கத்துல ஃபிரிஸ்கோங்கிறதும் ஒரு அதிர்ஷ்டம்தான். டல்லாஸ் கவ்பாய்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் டீமோட ஹெட் ஆபீஸ் 2016ல இருந்து அங்கதான், அதுக்குள்ள இருக்குற ஃபோர்டு சென்டர் ஸ்டேடியத்துலதான் உங்க ஊர் ஹைஸ்கூல் டீம்களே ஃபுட்பால் ஆடுறாங்க. அந்தப் பக்கம் கிராண்ட் ப்ரெய்ரிங்கிற ஊர்ல பழைய பேஸ்பால் மைதானத்தை கிரிக்கெட் ஸ்டேடியமா மாத்தி, 2023 ஜூலை 13ஆம் தேதி மேஜர் லீக் கிரிக்கெட்ங்கிற அமெரிக்க லீக்கோட முதல் மேட்சையே அங்க நடத்துனாங்க, ஆடுனது யாரு, நம்ம சிஎஸ்கே குடும்பத்து டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ். பொண்ணை ஒரு மேட்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆனா பந்தைப் பாக்க விடாதீங்க. பவுண்டரி போர்டுல யார் பேரு, ஜெர்சில யார் பேரு, மஞ்சச் சட்டை போட்டு வந்தவங்கள்ல தேசி எத்தனை பேரு அமெரிக்கன் எத்தனை பேரு, டிக்கெட் வாங்காத அமெரிக்கக் குடும்பத்தை அடுத்த தடவை எப்படி வர வைப்பேன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. ஆசையா எழுதுனா கிளாஸுக்கு விடுங்க. "தோனி வருவாரா"ன்னு மட்டும் கேட்டா அவ ஃபேன்தான், அதுவும் தப்பில்ல, ஆனா அதுக்குக் கிளாஸ் தேவையில்ல.

இந்தக் கிளாஸோட சேத்து டெக்கா (DECA)ங்கிற மாணவர் மார்க்கெட்டிங் கிளப்ல கட்டாயம் சேரச் சொல்லுங்க, எனக்கு இந்தக் கிளாஸ்ல பிடிச்ச விஷயமே அதுதான். 1946ல ஆரம்பிச்ச அமைப்பு, ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங்குக்குன்னே தனிப் போட்டி இருக்கு. நூறு கேள்வி டெஸ்ட் ஒண்ணு, அப்புறம் ரோல் ப்ளே. அப்பவே கையில ஒரு பிரச்சினையைக் குடுப்பாங்க, பத்து நிமிஷம் யோசிக்கலாம், அடுத்த பத்து நிமிஷம் ஜட்ஜ் முன்னாடி உக்காந்து பேசணும். நம்ம பிள்ளைங்க டெஸ்ட்ல நல்லா வாங்கிட்டு இங்கதான் திணறுவாங்க, முன்னப்பின்ன தெரியாத பெரியவங்க கண்ணைப் பாத்து "இதுக்கு இவ்ளோ செலவாகும், ஏன்னா இது"ன்னு சொல்ற பழக்கம் வீட்ல நம்ம குடுக்குறதில்லையே. அவ பின்னாடி கோடிங் படிச்சாலும் இது உதவும்.

சரி, உங்க உண்மையான பயம் ரேங்க், அதாவது ஸ்கூல்ல அவ எத்தனாவது இடம்ங்கிறது. அது நியாயமான பயம். இங்க நிறைய இடத்துல காலேஜ் லெவல்ல இருக்குற ஏபி கிளாஸுக்கு அதிகபட்சம் 6 பாயின்ட், சாதா கிளாஸுக்கு 5ங்கிற மாதிரி கணக்கு, சாதா கிளாஸ்ல நூறு வாங்கினாலும் ஜிபிஏங்கிற சராசரி பாயின்ட் இறங்கலாம், யூடி ஆஸ்டின்ல, அதாவது ஆஸ்டின்ல இருக்குற டெக்சாஸ் யுனிவர்சிட்டில, ஆட்டோமேட்டிக் அட்மிஷன் வேற 2026 பேட்ச்ல இருந்து டாப் 5 சதவீதத்துக்குதான். ஆனா எல்லா எலக்டிவும் (விருப்பப் பாடமும்) ரேங்க் கணக்குல சேராது, ஊருக்கு ஊர் மாறும். அதனால ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட "இந்தக் கிளாஸ் ரேங்க் ஜிபிஏல சேருமா"ன்னு நேரடியா கேளுங்க, வாட்ஸ்அப் குரூப்ல கேக்காதீங்க, அங்க ஆளுக்கொரு பதில் வரும். இதுக்காக மேத்ஸை ஒரு லெவல் குறைக்கிறேன்னு அவ சொன்னா மட்டும் சம்மதிக்காதீங்க.

இதையே காலேஜ்லயும் மேஜரா எடுப்பான்னா கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். யூடி ஆஸ்டின்லயும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்லயும் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் இருக்கு, நல்ல டிகிரிதான். ஆனா பல பேருக்கு முதல் வேலை டிக்கெட் சேல்ஸ்லதான், நாள் பூரா ஃபோன் போட்டு சீசன் டிக்கெட் வாங்குறீங்களான்னு கேக்கணும், சம்பளம் கம்மி, மத்தவங்களுக்கு லீவு நாள்தான் இவங்களுக்கு வேலை நாள். கவ்பாய்ஸ் 1966ல இருந்து தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னைக்கு வீட்டு மைதானத்துல ஆடுறாங்க, அன்னைக்கு அங்க வேலை பாக்குறவங்க யாரும் வீட்ல சாப்பிட உக்காந்திருக்க மாட்டாங்க.

விசா பத்தி நீங்க எழுதல, நானே கேக்குறேன். பொண்ணு இன்னும் ஹெச்-4லதான்னா, அதாவது ஹெச்-1பில வேலை பாக்குறவங்க குடும்பத்துக்குக் குடுக்குற விசாலதான்னா, சம்பளம் வாங்குற சம்மர் வேலை எதுவும் பண்ண முடியாது, ஸ்டேடியத்துல பாப்கார்ன் விக்கிற வேலை கூட. கிளாஸுக்கும் டெக்காவுக்கும் அந்தத் தடை இல்ல. 21 வயசுக்குள்ள கிரீன் கார்டு வரலைன்னா அவ எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவுக்கு மாற வேண்டி வரலாம், அப்போ அது ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) டிகிரியா இல்லையாங்கிறது பெரிய விஷயம், ஸ்டெம்னா ஓபிடில, அதாவது படிச்சு முடிச்சதும் இங்க வேலை பாக்கக் குடுக்குற அனுமதில, கூடுதலா ரெண்டு வருஷம் கிடைக்கும், ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் அந்த லிஸ்ட்ல இல்ல. அந்த நிலைமைல இருக்குற பிள்ளைக்கு நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இல்ல ஸ்டெம் லிஸ்ட்ல இருக்குற பிசினஸ் அனலிட்டிக்ஸ் எடுத்துட்டு, ஸ்போர்ட்ஸை இன்டர்ன்ஷிப் பக்கமா வச்சுக்கோன்னுதான் சொல்வேன். டிக்கெட் விலையைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி இறக்குறதே அந்தப் படிப்பு படிச்சவங்கதான்.

அடுத்த மெசேஜ்ல அவ இப்போ எந்த மேத்ஸ் கிளாஸ்ல இருக்கா, விசா என்ன நிலைமை, கோர்ஸ் மாத்த கடைசி தேதி எப்போ, மூணும் எழுதுங்க. அந்த ஒரு பக்கக் கட்டுரை எழுதுனான்னா அதையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் படிக்கிறேன்.