பந்து எறிவது பையன், அவசரம் அப்பாவுக்கு

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். பத்தாவது படிக்கும் மகன், பள்ளியின் ஜூனியர் ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக். இந்த சீசன் நன்றாக ஆடினான், கோச்சும் பாராட்டினார். அதிலிருந்து என் கணவர் ஸ்காலர்ஷிப், என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) என்றே பேசுகிறார். தனி கோச் வைத்துவிட்டார், பேஸ்பாலை விடச் சொல்கிறார். பையன் மனம் நோகாமல் இவரை எப்படி நிதானப்படுத்துவது?
- ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: சகோதரி, பையன் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. இந்த வயதில் ஆசைப்படாமல் வேறு எப்போது? அவசரம் உங்கள் கணவருக்குத்தான்.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: எதிரணி எப்படி நிற்கிறது என்று கணித்து, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். கையின் வலு சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். அந்தக் கணிப்பு வர வருஷக்கணக்காகும். ஜூனியர் ஆட்டத்தில் பந்து பிடிக்க ஆள் தனியாக நிற்பான். வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் அணி ஆட்டத்தில், அவனை ஒட்டியே இன்னொருவன் ஓடுவான். அதனால் இந்த சீசன் கணக்கை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 1998 டிராஃப்ட்டில் முதல் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங்கா, ரையன் லீஃபா என்று நிபுணர்களே அடித்துக்கொண்டார்கள். முதலாவதாக எடுக்கப்பட்ட மானிங், அந்த வருஷம் 28 தடவை பந்தை எதிரணி கையில் கொடுத்தார். அணி வென்றது 16-ல் 3 ஆட்டம். ஆனாலும் அணி பொறுத்திருந்தது, அவர் ஜாம்பவான் ஆனார். இரண்டாவதாகப் போன லீஃப் சில வருஷங்களில் காணாமல் போனார். கல்லூரி முடித்தவர்கள் கதையே இப்படி என்றால், பத்தாவது படிப்பவனைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்? பள்ளிகளில் ஃபுட்பால் ஆடுபவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். என்எஃப்எல் அணிகள் 32, ஒவ்வொன்றிலும் களத்தில் ஒரு குவார்ட்டர்பேக்.

பள்ளி முடித்தபோது ஜாஷ் ஆலனைப் பெரிய கல்லூரி எதுவும் சீண்டவில்லை; இன்று என்எஃப்எல் நட்சத்திர குவார்ட்டர்பேக். இதை மட்டும் கணவரிடம் சொல்லிவிடாதீர்கள். "பார்த்தாயா!" என்பார்.

சொல்ல வேண்டியது இன்னொரு நட்சத்திர குவார்ட்டர்பேக், பேட்ரிக் மஹோம்ஸ் கதை. உங்கள் டெக்சஸ் பையன்தான். பள்ளியில் பேஸ்பாலும் ஆடினார். 2014-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியே அவரைத் தேர்ந்தெடுத்தது. எந்தக் கோணத்திலிருந்தும் பந்தை எறியும் அந்தக் கைக்கு பேஸ்பாலும் ஒரு காரணம் என்பார்கள். 2017-ல் என்எஃப்எல் வந்தும் முதல் சீசன் முழுக்க பெஞ்ச்தான், கடைசி ஆட்டம் ஒன்றைத் தவிர. பேஸ்பாலை விடச் சொல்பவருக்கு இது போதும்.

பள்ளி கோச்சைப் பார்க்கும்போது "எத்தனை மேட்ச் ஆட வைப்பீர்கள்?" என்று உங்கள் கணவர் கேட்க வேண்டாம், "அடுத்த வருஷத்துக்குள் இவன் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்கட்டும். தனி கோச் சொல்வதும் பள்ளி கோச் சொல்வதும் முரண்பட்டால் பள்ளி கோச் சொல்வதே முடிவு. அவர்தானே ஆட வைப்பவர்! தோற்ற இரவில் காரில் வரும்போது, பையனாகப் பேச்செடுத்தால் தவிர ஆட்டத்தைப் பற்றி அப்பா வாய் திறக்கக் கூடாது. தலையில் அடிபட்டு, "ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்று அவன் சொன்னாலும் டாக்டர் சொல்லாமல் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

பேஸ்பால் சீசன் பிப்ரவரியில் தொடங்கிவிடும். ஆடுவதா வேண்டாமா என்பதை அதற்கு முன் பையனே சொல்லட்டும், அப்பா பக்கத்தில் இல்லாதபோது.