ஆயுத பூஜைப் பொரி

வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மூன்று தலைமுறையாக நாங்கள் சி.எஸ்.ஐ. குடும்பம். ஆயுத பூஜையன்று முதலாளி தம் கையாலேயே பொரிப் பொட்டலம் கொடுப்பார், வாங்கிச் சாப்பிடுவேன். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அப்போஸ்தலன் பவுலே சொல்லியிருக்கிறாரே. போன ஆண்டு, ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடமே ஆன ஒரு தம்பி என்னைப் பார்த்துத் தானும் சாப்பிட்டான். அதன்பின் ஒரு மாதம் அவன் சபைக்குப் போகவில்லை, ஜெபிக்க வாய் வரவில்லை என்றான். கிறிஸ்தவர் யாரும் பூஜைப் பொட்டலத்தைத் தொடக்கூடாது என்று அவனுடைய பாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். இன்னொருவன் மனச்சாட்சிக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

ஒரு வாசகர், கொரட்டூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பொரி சாப்பிட்டது பாவமில்லை. கடையில் விற்கும் எதையும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று கிரேக்க நாட்டிலுள்ள கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதியவர் பவுல். அந்த ஊரில் அஸ்கிலேப்பியுஸ் என்ற கிரேக்க மருத்துவ தெய்வத்தின் கோயிலை ஒட்டியிருந்த விருந்து அறைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். நமக்குக் கல்யாண மண்டபம் போல அவர்களுக்கு அது. போகாவிட்டால் உறவும் தொழிலும் கெடும். முதலாளி நீட்டும் பொட்டலத்தை மறுக்க உங்களுக்கு இருக்கும் கூச்சம் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

ஆனால், நீங்கள் எடுத்துக்காட்டும் வசனத்துக்குச் சற்றுக் கீழேயே, "இந்த அறிவு எல்லாரிடத்திலும் இல்லை" என்று அவர் எழுதுகிறார். உங்களுக்குப் பொரி வெறும் பொரி. உங்கள் தாத்தா காலத்திலேயே அந்தக் கயிறு அறுந்துவிட்டது. அந்தத் தம்பி ஞானஸ்நானம் பெறும்வரை அதே படையலுக்கு முன்னால் கைகூப்பி நின்றவன். சந்தனமும் கற்பூரமும் மணக்கும் அந்த இடத்தில் அவன் வாயில் போட்டுக்கொண்டது நீங்கள் சாப்பிட்ட பொரி இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அவன் உங்கள்மேல் கோபப்படவில்லை, குறை சொல்லவும் இல்லை. உங்களைப் பார்த்துத் துணிந்து, தன் மனச்சாட்சிக்கு விரோதமாகச் சாப்பிட்டுவிட்டான். பவுல் இடறல் என்று சொல்வது இதைத்தான். நாம் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம். ஒரு சபை மூப்பருக்கு நம் நகையோ உடையோ பிடிக்காவிட்டால் அதையும் இடறல் என்கிறோம். அது மனவருத்தம். ஜெபிக்க வாய் வராமல் ஒரு மாதம் தவித்தானே, அதுதான் இடறல்.

அதனால் பாஸ்டர் சொன்னதை நான் முழுதாக ஏற்கவில்லை. கிறிஸ்தவர் யாரும் பூஜைப் பொட்டலத்தைத் தொடக்கூடாது என்று சட்டம் போட அவருக்கு அதிகாரம் இல்லை. அன்புக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதை இன்னொருவர் உரிமையாகக் கேட்கத் தொடங்கினால் அங்கே பவுலே எதிர்த்து நிற்பார். யூதர்களை முன்னிட்டுத் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்குத் தாமாகவே விருத்தசேதனம் செய்வித்தவர், இன்னொரு உடன் ஊழியரான தீத்துவுக்கும் செய்தாக வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது ஒரு நாழிகையும் இணங்கவில்லை. நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது வேப்பேரியில் எத்தனை பேர் முறுக்கிக்கொண்டார்கள்! ஒரே பந்தியில் உட்காரக் கூசும் மனதுக்கு அனுசரணை காட்டியிருந்தால் அது மற்றவனை அவமதித்ததாகும்.

இந்தத் தம்பியின் காரியம் அப்படிப்பட்டதல்ல. அவன் உங்களிடம் எதையும் கேட்கவில்லை.

என் பாட்டி நினைவுக்கு வருகிறார். புரசைவாக்கத்தில் பக்கத்து வீட்டு மாமி சரஸ்வதி பூஜைச் சுண்டலை எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுவருவார். பாட்டி இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எங்களுக்குப் பங்கிடுவார். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார், சர்க்கரை போட்டுக் கொடுப்பார். ஆனால் பிற்பாடு விசுவாசத்துக்கு வந்த என் சித்தி வீட்டில் இருக்கும் நாட்களில் அந்தக் கிண்ணம் அடுப்பங்கரை மேல்தட்டுக்குப் போய்விடும். சுண்டலுக்காக அழுத என்னை, "சித்தி ஊருக்குப் போகட்டும்டா" என்று காதோடு சொல்லி அடக்குவார். சித்திக்கு அது கடைசிவரை தெரியாது.

இந்த ஆண்டு பூஜைக்கு முன்னரே முதலாளியைத் தனியாகப் பாருங்கள். இருபது ஆண்டுப் பழக்கம், உங்களைத் தப்பாக நினைக்கமாட்டார். பொட்டலத்தை மரியாதையாக வாங்கிக்கொள்கிறேன், அங்கே சாப்பிடமாட்டேன், இந்தப் பையனுக்காகத்தான் என்று சொல்லுங்கள். தனக்குக் கீழே வேலை செய்யும் பையனுக்காக ஒரு மூத்த தொழிலாளி இவ்வளவு யோசிக்கிறார் என்பது அவருக்கு நிச்சயம் புரியும்.

அதற்கும் முன்னால் அந்தத் தம்பியோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். பாஸ்டர் உங்களிடம் பேசியதை எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் அவனிடம் பேசியதை எழுதவில்லை. வசனத்தை எடுக்காதீர்கள். அந்தப் பொரியை வாயில் போட்டபோது அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.

அன்புடன்.