வாட்டர்மார்க்கை நம்பி கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நான் எடுத்த படத்துல கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் போட்டு வச்சிருந்தேன். ஒரு விளம்பரக் கம்பெனி அதை லேசா சாய்ச்சு, ஓரத்தை வெட்டி, சின்னதாக்கி, கேட்காமலே யூஸ் பண்ணிட்டாங்க. மார்க்கைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர் சாஃப்ட்வேர்ல போட்டா மார்க் இல்லைன்னு வருது. ராத்திரி முழுக்க எடிட்டர்ல திருப்பித் திருப்பிப் பார்த்ததுல ஒரு கோணத்துல மார்க் வந்துடுச்சு! மெயில் போட்டா நக்கலா பதில் சொல்றாங்க, மனசு வெறுத்துப் போச்சு. வேணும்னே மார்க்கை அழிச்சாங்கன்னு கேஸ் போடலாமா?

பதில்: நக்கலையும் மனக்கஷ்டத்தையும் ஓரமா வைங்க, கோர்ட்ல அதுக்கு மதிப்பு இல்லை. நான் கேக்குறது ஒண்ணுதான், ஒரிஜினல் ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு பண்ண எடிட் பண்ணாத ஃபைல் இருக்கா, அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த நாலஞ்சு ஃப்ரேமோட? இருந்தா உங்களுக்கு கேஸ் இருக்கு. பெர்ன் உடன்படிக்கைங்கிற சர்வதேச காப்பிரைட் ஒப்பந்தப்படி காப்பிரைட் வர்றதுக்கு வாட்டர்மார்க்கும் வேணாம் ரிஜிஸ்ட்ரேஷனும் வேணாம்.

"வேணும்னே அழிச்சாங்க"ங்கிறதை விட்டுடுங்க. உலக அறிவுசார் சொத்து அமைப்போட 1996 காப்பிரைட் உடன்படிக்கை 12வது ஷரத்துல உரிமைத் தகவலை (படம் யாரோடதுன்னு சொல்ற குறிப்பை) நீக்குறது பத்தி இருக்கு, ஆனா தெரிஞ்சே நீக்கியிருக்கணும். கண்ணுக்கே தெரியாததை தெரிஞ்சு நீக்கினாங்கன்னு எப்படி நிரூபிப்பீங்க, லேஅவுட்டுக்காக சாய்ச்சோம்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. இன்னொண்ணு, மார்க் அழியவே இல்லை. படம் ரெண்டு டிகிரி திரும்பினா டிடெக்டர் தேடுற இடம் மாறிப்போகுது, அவ்வளவுதான். 1997ல வந்த ஸ்டிர்மார்க் டூல் இதைத்தான் காட்டுச்சு, கண்ணுக்குத் தெரியாத அளவு படத்தை வளைச்சாலே அப்போ இருந்த பல வாட்டர்மார்க் முறைகள் தடுமாறுச்சு. நீங்க திருப்பினதும் மார்க் வந்துடுச்சுன்னா அது அழியலைன்னு நீங்களே சாட்சி சொல்ற மாதிரி.

இப்போ நிஜமான ஆபத்து. ராத்திரி முழுக்க திருப்பிப் பார்த்தேன்னு பெருமையா எழுதியிருக்கீங்களே, குறுக்கு விசாரணையில உங்களைக் கவுக்கப்போறது அதுதான். டிடெக்டர் ஒரு தடவை தப்பா "இருக்கு"ன்னு சொல்ற வாய்ப்பு பத்து லட்சத்துல ஒண்ணுன்னே வச்சுக்குவோம். மைனஸ் 5லேர்ந்து பிளஸ் 5 டிகிரி வரைக்கும் 0.1 டிகிரியா போனா 101 கோணம், ஒவ்வொண்ணுக்கும் 50 சைஸ், ஆக 5,050 முயற்சி. வாய்ப்பு கிட்டத்தட்ட 200ல ஒண்ணு வரைக்கும் ஏறிடும். ஓரத்தை வெட்டினதால படம் எவ்வளவு நகர்ந்திருக்குன்னும் சேர்த்துத் தேடினா இன்னும் மோசம். எதிர்தரப்பு எக்ஸ்பர்ட் "எத்தனை தடவை ட்ரை பண்ணீங்க, லாக் எங்கே"ன்னு கேப்பார், நீங்க முழிப்பீங்க.

சரியான வழி, அவங்க படத்தையும் உங்க ஒரிஜினலையும் புள்ளிக்குப் புள்ளி மேட்ச் பண்ணி, எவ்வளவு திரும்பியிருக்கு எவ்வளவு சின்னதாச்சுன்னு அதுலேர்ந்தே கணக்குப் போட்டு, நேராக்கி, டிடெக்டரை ஒரே ஒரு தடவை ஓட்டணும். வேடிக்கை என்னன்னா அந்த மேட்ச் வந்துட்டாலே காப்பி அடிச்சது நிரூபணம் ஆயிடுச்சு, அப்புறம் வாட்டர்மார்க் எதுக்கு? ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனித்தனி மார்க் போட்டு, யார்கிட்டேர்ந்து லீக் ஆச்சுன்னு பிடிக்கணும்னா அது உதவும், உங்க கேஸ் அது இல்லையே.

இன்னொரு குழி, நான் கண்ணால பார்த்தது. எல்லாப் படத்துக்கும் ஒரே கீ (மார்க்கைப் போடவும் தேடவும் வேண்டிய ரகசியக் குறியீடு) யூஸ் பண்ற ஆளு, வாட்டர்மார்க்தான் என் சாட்சின்னு கோர்ட்ல நிப்பார். சோதிச்சுப் பார்க்க கீ வேணும்னு அந்தப் பக்கம் கேக்கும். குடுக்கலைன்னா சாட்சி நிக்காது, குடுத்தா இந்த மாதிரி முறைகள்ல கீ தெரிஞ்சவனுக்கு மார்க்கை எடுக்கவும் தெரியும், மத்த எல்லாப் படமும் அம்போ. அதுக்கு மேல, அவங்களும் இதே படத்துல தங்களோட மார்க் இருக்குன்னு காட்டலாம். படத்துலேர்ந்து தங்களோட மார்க்கைக் கழிச்சு, அதுதான் எங்க ஒரிஜினல்னு போலியா உண்டாக்க முடியும்னு 1998லயே கிரேவர் குழு ஆய்வுக் கட்டுரை போட்டாச்சு. அப்பவும் உங்களைக் காப்பாத்தப்போறது அந்த ரா ஃபைல்தான்.

அதனால பேசி முடிங்க. ரா ஃபைலையும் மேட்ச் ரிப்போர்ட்டையும் வச்சு ஒரு நோட்டீஸ், லைசென்ஸ் ஃபீஸ் கொஞ்சம் கூட்டிக் கேளுங்க, அவங்க ஒரு தொகை சொன்னா முறுக்கிக்கிட்டு நிக்காம வாங்கிக்குங்க. நோட்டீஸ்ல வாட்டர்மார்க்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. அந்த ராத்திரி எடுத்த ஸ்க்ரீன்ஷாட் எதையாவது ஏற்கனவே மெயில்ல அனுப்பியிருந்தீங்கன்னா நோட்டீஸ் எழுத உக்கார்றதுக்கு முன்னாடி உங்க வக்கீல்கிட்ட அதைச் சொல்லிடுங்க.