கஞ்சா சட்டபூர்வமான அமெரிக்க மாநிலங்களில், அதைக் கண்காணிக்கும் அரசுத் துறைகளுக்கு உதவும் வேலை எப்படிப்பட்டது?

கேட்டவர் கலிபோர்னியாவில் எச்1பி விசாவில் இருக்கும் டேட்டா அனலிஸ்ட். கஞ்சாத் தொழிலை மேற்பார்வை செய்யும் மாநிலத் துறைகளுக்கு மென்பொருளும் தரவு ஆய்வும் செய்து தரும் ஒரு நிறுவனம் அவரை வேலைக்கு அழைத்திருக்கிறது. அங்கே என்னதான் செய்வார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

அதே மாதிரி ஒரு சிறிய நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் பதில் சொல்கிறேன். இப்போது நான் வேறு துறையில் இருப்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசலாம்.

போதைத் தடுப்புப் போலீஸ் மாதிரி ஏதாவது கற்பனை செய்திருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். இது கலால், விற்பனை வரி அலுவலக வேலைக்குத்தான் நெருக்கமானது. கொலராடோவில் இதைப் பார்ப்பது வருவாய்த் துறையின் ஒரு பிரிவு. வாஷிங்டன் மாநிலத்தில் மதுபான வாரியமே 2015இல் பெயர் மாறி மதுபான, கஞ்சா வாரியம் ஆனது. கலிபோர்னியாவில் மூன்று துறைகளிடம் சிதறிக் கிடந்த பொறுப்பை 2021 ஜூலையில் ஒன்றாக்கி, கஞ்சா கட்டுப்பாட்டுத் துறை என்று தனியாக வைத்தார்கள். இந்த அலுவலகங்களில் வழக்கறிஞர்கள் உண்டு, கலால் அனுபவம் உள்ளவர்கள் உண்டு, வேளாண்மை தெரிந்தவர்களும் உண்டு. கோடிக்கணக்கான பதிவுகள் கொண்ட தரவைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் டெண்டர் விட்டு வெளி நிறுவனங்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஒவ்வொரு செடியையும் பின்தொடரும் அளவுக்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு ஒரு அரசியல் காரணம் உண்டு. கொலராடோ, வாஷிங்டன் மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்துக் கஞ்சாவை அனுமதித்தபோது ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், மாறவில்லை. 1970இல் வந்த அந்தச் சட்டத்தின்படி கஞ்சா ஹெராயினோடு ஒரே அட்டவணையில் இருந்தது. 2013 ஆகஸ்டில் மத்திய அரசின் துணை அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் கோல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிறுவர் கைக்குப் போகக்கூடாது, வருமானம் குற்றக் கும்பலுக்குப் போகக்கூடாது, சரக்கு அனுமதியில்லாத மாநிலத்துக்குக் கடக்கக்கூடாது என்று எட்டு விஷயங்கள் அதில் இருந்தன. இவற்றை மாநிலம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நாங்கள் பெரிதாகத் தலையிட மாட்டோம் என்பது அதன் சாரம். பார்த்துக்கொள்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாதே, காட்ட வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் எண், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வரலாறு என்ற ஏற்பாடு அப்படித்தான் கெட்டிப்பட்டது. 2018 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தார். அதற்குள் மாநிலங்களுக்கு இது பழகிவிட்டது. வரி வசூலுக்கும் உதவியாக இருந்தது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாற்றுகளாக இருக்கும்வரை தொகுதியாகக் கணக்கு. குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் செடிக்குத் தனி டேக். கொலராடோவில் தொடங்கி இன்று பல மாநிலங்களில் இருக்கும் மெட்ர்க் என்ற அமைப்பில் அந்த டேக்கில் 24 எழுத்து நீளத்துக்கு ஒரு அடையாள எண் இருக்கும். ஆரம்ப ஆண்டுகளில் செடி டேக் 45 சென்ட், பொட்டல டேக் 25 சென்ட் என்று விவசாயிதான் வாங்க வேண்டும். அறுவடையன்று ஈர எடை, காய்ந்தபின் எடை, கழிவின் எடை எல்லாம் பதிவாக வேண்டும். வண்டியில் ஏற்றினால் ஓட்டுநர், வண்டி எண், வழித்தடம் வரை எழுதிய சீட்டு வேண்டும். ஆய்வகச் சான்று வந்த பிறகுதான் கடைக்குப் போகும்.

நம் வேலை அதன் பிறகு தொடங்குகிறது. பதிவான எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. நம் ஊரில் அரசு கொடுக்கும் நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 68 கிலோ புழுங்கலரிசி திரும்ப வர வேண்டும் என்று அரவை ஆலைக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதே தர்க்கம்தான் இங்கேயும். வெட்டிய கஞ்சாச் செடி காயும்போது எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீராகப் போய்விடும். ஒரு பண்ணையில் மட்டும் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போகிறது, கழிவும் அதற்கேற்ப இல்லை என்றால் மீதிச் சரக்கு பின்வாசல் வழியே போயிருக்கலாம். இல்லாவிட்டால் ஈர எடையில் தண்டு, இலையையும் சேர்த்து எடை போட்டிருக்கலாம். எது என்று மேஜையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. சந்தேகப் பட்டியலில் மேலே வைத்து ஆய்வாளரிடம் கொடுப்போம், அவர் நேரில் போவார்.

எண்கள் கோணலாக இருந்தால் மட்டும் சந்தேகம் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மீறி நேராக இருந்தாலும் பார்ப்போம். ஒரு பண்ணையின் பதிவில் ஒரே அறுவடையில் எல்லாச் செடிகளுக்கும் கிராம் பிசகாமல் ஒரே ஈர எடை இருந்தது. இயற்கையில் அப்படி விளையாது. ஆய்வாளர் போய்ப் பார்த்தால் திருட்டு ஒன்றும் இல்லை. மொத்தமாக ஒரு தடவை நிறுத்து, செடிகளின் எண்ணிக்கையால் வகுத்து எழுதியிருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை என்றார்களாம். விதிமீறல்தான். ஆனால் அதை அபராதத்தோடு அணுகுவதா, தராசு வைக்கும் இடத்தை மாற்றச் சொல்வதா என்பதில் எங்களுக்கும் துறைக்கும் நடுவில் நீண்ட பேச்சு நடந்தது. இந்த வேலையில் பாதி இப்படிப்பட்ட பேச்சுதான்.

எவ்வளவு அழகான மென்பொருளாக இருந்தாலும் அது தட்டச்சு செய்த எண்ணைத்தான் பார்க்கும், செடியைப் பார்க்காது. ஆரிகன் மாநிலத்தின் தணிக்கை அறிக்கை 2018இல் இதைத்தான் சொன்னது. கண்காணிப்பு முழுக்க உரிமதாரர்கள் தாமே பதிவு செய்யும் தரவை நம்பி இருக்கிறது, அதைச் சரிபார்க்கப் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் போதாது என்றது. அடுத்த வருடமே இன்னொரு அரசு அறிக்கை, மாநிலத்துக்குள் ஆறரை வருடத்துக்குப் போதுமான சரக்கு கையிருப்பில் இருப்பதாகக் கணக்கிட்டது. அங்கே உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல் கொடுத்துக்கொண்டே போனார்கள். உள்ளூரில் விற்க முடியாத சரக்கை எல்லை தாண்டி விற்பது ஃபெடரல் குற்றம். அப்படியானால் அது எங்கே போகும் என்று யோசிக்கப் பெரிய அல்காரிதம் வேண்டாம்.

விதியின் ஒரு சொல்லே ஓட்டையாகிவிடுவதும் உண்டு. கொலராடோவில் ஒரு தடவைக்கு ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் வரை வாங்கலாம் என்று அப்போது விதி இருந்தது. டென்வரில் ஒரு பெரிய கடைச் சங்கிலியில் ஒரே ஆட்கள் ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு அவுன்ஸாக வாங்கிக்கொண்டு போனார்கள். 2017 டிசம்பரில் போலீஸ் சோதனை நடந்தது. பிறகு உரிமங்கள் பறிபோயின, முதலாளிகள் சிறைக்குப் போனார்கள். சோதனைக்கு அடுத்த மாதமே ஒரு நாளைக்கு ஒரு அவுன்ஸ் என்று விதி தெளிவாக மாறியது. சரி, அரசின் கணினியில் இது முன்பே தெரியவில்லையா? தெரியாது. வாங்குபவரின் பெயரைப் பதிவு செய்யும்படி கடைகளைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அந்த மாநிலத்தின் அரசியல் சட்டத் திருத்தமே சொல்கிறது. 21 வயது ஆனதா என்று அடையாள அட்டையைப் பார்த்தால் போதும். உருகுவேயில் நேர் எதிர். 2017 ஜூலையில் அங்கே மருந்துக் கடைகளில் விற்பனை தொடங்கியபோது, பதிவு செய்துகொண்டவர்கள் விரல் ரேகை வைத்துத்தான் வாங்க முடியும், மாதம் 40 கிராம்தான். அங்கே இந்தத் தில்லுமுல்லு நடக்காது. ஆனால் யார் கஞ்சா வாங்குகிறார்கள் என்ற பட்டியல் அரசிடம் இருக்கிறது. எனக்குக் கொலராடோ முறைதான் பிடிக்கும். கண்காணிக்க வேண்டியது விற்பவனை. அதற்காகச் சில ஓட்டைகளோடு வாழத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது ஆய்வகப் பிரிவு. பூச்சிக்கொல்லி, பூஞ்சை, கன உலோகம், கரைப்பான் மிச்சம் என்று பலவற்றைச் சோதிப்பார்கள். கூடவே போதை தரும் டிஎச்சி எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட வேண்டும். பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் அதன் அமில வடிவம். சூடாக்கினால்தான் டிஎச்சி ஆகும், அப்போது எடை கொஞ்சம் குறையும். அதனால் அமில அளவை 0.877 ஆல் பெருக்கி, ஏற்கனவே இருக்கும் டிஎச்சியோடு கூட்டுவார்கள். கணக்கு எளிது. சிக்கல் பணத்தில். சதவீதம் ஏற ஏறக் கடையில் விலை ஏறும். சோதனைக்குக் கட்டணம் கொடுப்பதும் உற்பத்தியாளர்தான், எந்த ஆய்வகம் என்று தேர்ந்தெடுப்பதும் அவர்தான். குறைவாகக் காட்டும் ஆய்வகத்தை விட்டு, தாராளமாகக் காட்டும் ஆய்வகத்துக்குப் போய்விடுவார்.

இதைத் தரவில் பார்க்கும்போது சிரிப்பு வரும். நேர்மையான ஆய்வகத்தின் முடிவுகளை வரைந்தால் வழவழப்பான ஒரு குன்று மாதிரி இருக்கும். சில ஆய்வகங்களின் படத்தில் 29 சதவீதத்தில் ஆளே இருக்காது, 30ஐத் தாண்டியதும் கூட்டம் நெரியும். அதே பண்ணையின் அதே ரகம் ஆய்வகம் மாறிய வாரத்தில் திடீரென்று வீரியம் கூடியிருக்கும். இதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. ஆனால் கடை அலமாரியிலிருந்து எந்தப் பொட்டலத்தை எடுத்து மறுசோதனை செய்ய வேண்டும் என்று துறைக்குக் காட்ட முடியும். கலிபோர்னியாவில் மாதிரியை ஆய்வக ஊழியரே நேரில் வந்து எடுக்க வேண்டும். 2024 முதல் பூக்களுக்கு எல்லா ஆய்வகமும் ஒரே சோதனை முறையைத்தான் பின்பற்ற வேண்டும். சில மாநிலங்கள் சரிபார்ப்பதற்கென்றே சொந்தமாக ஆய்வகம் வைத்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் மென்பொருளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை அங்கே திருப்பலாம்.

இதெல்லாம் எதற்கு என்று சலிப்பு வரும்போது 2019ஐ நினைத்துக்கொள்வேன். அந்த வருடம் வேப்பிங் செய்தவர்களுக்கு, அதாவது மின்சிகரெட் மாதிரிக் கருவியில் ஆவி இழுத்தவர்களுக்கு, நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், அதில் உறுதியான மரணங்கள் 68. கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. பெரும்பாலும் உரிமம் இல்லாத வழியில் வாங்கிய சரக்கு. அதில் எந்தக் குப்பி எங்கே நிரப்பப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உரிமமுள்ள கடையின் குப்பி என்றால் எண்ணைப் போட்டு எந்தத் தொகுதி, யாருடைய எண்ணெய், வேறு எந்தக் கடைகளுக்குப் போனது என்று அன்றே எடுத்துவிடலாம்.

அதற்காகக் கெடுபிடி கூடக்கூட நல்லது என்று சொல்ல மாட்டேன். டேக், கட்டணம், பதிவு என்று எல்லாமே ஆயிரம் செடி வைத்திருப்பவரைவிட நூறு செடி வைத்திருப்பவரைத்தான் அதிகம் அழுத்தும். கலிபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட், மெண்டசினோ பக்கம் தலைமுறையாகப் பயிரிட்டவர்கள் பலர் உரிமம் வாங்காமலே இருந்துவிட்டார்கள், வாங்கியவர்களில் சிலர் விட்டுவிட்டார்கள். அந்த வகையில் வாஷிங்டன் மாநிலத்தின் கதை படிக்க வேண்டியது. 2018 பிப்ரவரியில் அங்கே புதிய கண்காணிப்பு மென்பொருளுக்கு மாறினார்கள். முதல் நாட்களிலேயே தகராறு, சரக்கு அனுப்ப முடியாமல் பலர் திண்டாடினார்கள். கடைசியில் 2021 டிசம்பரில் அதை மூட்டை கட்டிவிட்டு, உரிமதாரர்கள் கோப்புகளாகப் பதிவேற்றும் எளிய முறைக்கு வந்தார்கள். பலருக்கு அது பின்வாங்கலாகத் தெரிந்தது. எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது.

இப்போது உங்கள் விஷயம். வேலை நல்ல வேலை, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் எச்1பியில் இருக்கிறீர்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்கக் குடியுரிமைச் சேவைத் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும், கஞ்சாத் தொழிலில் வேலை செய்வது உட்பட ஃபெடரல் சட்டத்தை மீறும் செயல்கள் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைத் தகுதியைக் கெடுக்கலாம் என்கிறது அது. செடியையே தொடாமல் அரசுத் துறைக்காகத் தரவு பார்ப்பவர் இதில் வருவாரா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நான் சேர்ந்தபோது குடியுரிமை கையில் இருந்ததால் இந்தக் கவலை இல்லை. நீங்கள் அப்படி நினைத்துவிட வேண்டாம். குறிப்பாக இந்த இரண்டைப் பாருங்கள்: அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அரசுத் துறைகள் மட்டும்தானா, இல்லை பண்ணைகளுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் விற்கிறார்களா? சம்பளச் சீட்டிலும் வேலை விவரத்திலும் என்ன எழுதப்போகிறார்கள்? இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நிறுவனம் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம், உங்கள் காசு கொடுத்துப் பாருங்கள்.

அவர் சரி என்று சொன்னால் சேருங்கள். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் நன்றாகத் தெரிந்தால் போதும், மற்றதை அங்கே கற்றுக்கொள்ளலாம். சேர்ந்த புதிதில் ஒரு ஆய்வாளரோடு பண்ணைக்குப் போக அனுமதி கேளுங்கள். தராசு எங்கே இருக்கிறது, யார் எழுதுகிறார்கள், எப்போது கணினியில் ஏற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் உங்கள் அட்டவணையில் பாதி எண்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.